அஞ்சு இலக்க டாட் காமுக்காக அம்மா நகைய அடகு வைக்கலாமா?

மண்டபம் பக்கத்துல இருந்து ஒரு தம்பி நீளமா எழுதியிருக்காரு. பேரு, ஊரு, அந்த டொமைன் (வெப்சைட்டோட இன்டர்நெட் முகவரி) நம்பரு எதையும் இங்க போடல, விஷயத்த மட்டும் சுருக்கமா சொல்லிடறேன்.

வயசு 27, பி.எஸ்சி கம்ப்யூட்டர். ஜெராக்ஸ், பட்டா சிட்டா பிரிண்ட், ஆன்லைன் அப்ளிகேஷன் போட்டுக் குடுக்கற சின்னக் கடை வச்சிருக்காரு. அப்பாவுக்கு ஒரு விசைப்படகுல பாதிப் பங்கு, அந்தப் போட்டு இலங்கை நேவிகிட்ட மாட்டுனதுல இருந்து வீட்டு வருமானம் படுத்துருச்சு. தங்கச்சிக்கு வரன் பேசிக்கிட்டிருக்காங்க. இந்த நேரத்துல கோயம்புத்தூர்ல இருக்கற மச்சான் முறை ஆளு ஒருத்தரு, தனக்குத் தெரிஞ்ச பார்ட்டிகிட்ட ஒரு பேக்கேஜ் இருக்குன்னு கொண்டு வந்திருக்காரு: வெறும் அஞ்சு எண்ணு மட்டும் இருக்கற ஒரு 5 இலக்க டாட் காம், கூடவே 786-ல முடியற 6 இலக்க டாட் எக்ஸ்ஒய்இசட் (டாட் காம் மாதிரியே .xyz-னு முடியற இன்னொரு வகை) பேரு 20, மொத்தம் 5 லட்சம். டாட் காம் நம்பரு நம்ம மாவட்ட பின்கோடு மாதிரியே 623-ல ஆரம்பிக்குது, நடுவுல ஒரு 4 இருக்கு. ஒரு வெப்சைட் அதோட மதிப்பு 18 லட்சம்னு காட்டற ஸ்க்ரீன்ஷாட்டும் அனுப்பியிருக்காங்க. தம்பி ஏற்கனவே 20,000 ரூபா அட்வான்ஸ் ஜிபேல போட்டுட்டாரு. மீதிக்கு அம்மாவோட 12 பவுன பேங்க்ல வைக்கலாம்னு யோசனை. அதுவும் பத்தலன்னா கூட்டாளிங்க (சிநேகிதப் பசங்க) எட்டுப் பேருகிட்ட ஆளுக்கு 50,000 வாங்கி, மாசம் 3 வட்டி குடுத்து, இதையே பெரிசா பண்ணலாம்னு மச்சான் சொல்றாராம். கேள்வி மூணு. இதுக்கு நெஜமாவே மதிப்பு இருக்கா, வாங்குனா நெலம் மாதிரி நமக்கே சொந்தமா, கூட்டாளிங்ககிட்ட பணம் வாங்கறது சட்டப்படி சரியா.

தம்பி, உங்க மூணாவது கேள்விக்கான பதில மொதல்ல சொல்லிடறேன், ஏன்னா அதுலதான் நீங்க ஜெயிலுக்குப் போற அபாயம் இருக்கு: யாருகிட்டயும் அஞ்சு பைசா வாங்காதீங்க. ஏன்னு பின்னாடி விவரமா எழுதறேன். நகையையும் இப்போதைக்கு எடுக்காதீங்க, பீரோவுலயே இருக்கட்டும்.

இனி மதிப்பு விஷயம். மச்சான் சொன்னதுல பாதி உண்மைதான், அதனாலதான் நம்பற மாதிரி இருக்கு. நம்பர் டொமைனுக்குப் பெரிய வெலை போயிருக்கு. 2015-ல சீனாவோட சிஹூ 360 கம்பெனி 360 டாட் காம வோடஃபோன்கிட்ட இருந்து 1.7 கோடி டாலருக்கு வாங்குச்சு, அன்னிக்கு ரேட்ல நூறு கோடி ரூபாய்க்கு மேல. ஆனா வாங்குனது யாருன்னு பாருங்க, 360-ங்கறதே அவங்க கம்பெனிப் பேரு. அதே மாதிரி சீனாவுல நெட்ஈஸ் கம்பெனியோட சைட்டு 163 டாட் காம், டயல்-அப் காலத்துல அங்க இன்டர்நெட்டுக்கு டயல் பண்ற நம்பரே 163. ரயில் டிக்கெட் எடுக்கற சைட்டு 12306 டாட் சிஎன், ரயில்வேயோட ஃபோன் சேவை நம்பரும் அதேதான். அங்க இங்கிலீஷ் எழுத்த விட நம்பரு சுலபமா மனசுல நிக்குது, அதோட நம்பருக்கு உச்சரிப்புல ஒரு ராசி பாக்கறாங்க, 8 செல்வத்தோட சேர்ந்து ஒலிக்கும், 4 சாவோட சேர்ந்து ஒலிக்கும். அதனால 8 நெறைய இருக்கற நம்பரு ஏறும், 4 இருந்தா எறங்கும், 0-வும் பல பேருக்குப் பிடிக்காது, முக்கியமா ஆரம்பத்துல வந்தா. இந்தச் சந்தையோட வெலைய நிர்ணயம் பண்றதே பெரும்பாலும் சீன வியாபாரிங்கதான். உங்க நம்பர்ல 4 இருக்கு. இத மச்சான் சொல்லல, இல்ல அவருக்கே தெரியல.

623 நம்ம பின்கோடுன்னு சொல்றது உங்களுக்கும் எனக்கும் சந்தோஷமா இருக்கும், பெய்ஜிங்ல உக்காந்து வாங்கறவருக்கு அது ஒண்ணுமே இல்ல. நம்ம ஊர்ல யாரு வாங்குவா? பின்கோடு 6 இலக்கம், ராமேஸ்வரம் 623526, கீழக்கரை 623517, உங்க டொமைன் 5 இலக்கம், அதுவே பொருந்தல. ராமேஸ்வரத்துல லாட்ஜ் வச்சிருக்கறவரு தன் லாட்ஜ் பேர்லதான் சைட்டு போடுவாரு, கருவாட்டு யாவாரி தன் கடை பேர்லதான் போடுவாரு.

786 கதையும் அப்படித்தான். கீழக்கரை, பெரியபட்டினம் சபராளிங்க துபாய்ல இருந்து வாங்குவாங்க, அரபிங்க அள்ளிக் குடுப்பாங்கன்னு சொன்னதா எழுதியிருக்கீங்க. 786 பிஸ்மில்லாவோட எழுத்துக் கணக்குன்னு மதிக்கறது இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ் பக்கத்து முஸ்லிம்கள்கிட்ட இருக்கற வழக்கம். அரபு நாட்டுக்காரங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அது பழக்கமே இல்ல. அத விடுங்க, கணக்கு ஒண்ணு போடுங்க. 6 இலக்கம்னா 000000-ல இருந்து 999999 வரைக்கும் பத்து லட்சம் பேரு. அதுல 786-ல முடியறது மட்டும் ஆயிரம். அது ஒரு டாட்டுக்கு மட்டும், டாட் காம், டாட் இன், டாட் நெட்னு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி ஆயிரம். இதுல அபூர்வம் எங்க இருக்கு?

டாட் எக்ஸ்ஒய்இசட்ல இன்னொரு விஷயம் இருக்கு, அதப் படிச்சப்ப எனக்கு உண்மையிலேயே கோவம் வந்துச்சு. அந்த ரெஜிஸ்ட்ரி, அதாவது டாட் எக்ஸ்ஒய்இசட் பேருங்கள மொத்தமா நடத்தற கம்பெனி, 2017-லயே 6-ல இருந்து 9 இலக்கம் வரைக்கும் இருக்கற நம்பர் பேருங்கள மட்டும் தனியா எடுத்து, வருஷத்துக்கு 99 சென்ட்னு வெலை வச்சுட்டாங்க, 111 கோடிக்கு மேல பேரு அந்த வகையில இருக்கு. ஒரு டாலரு கூட இல்ல. ரெஜிஸ்ட்ரார் (நமக்குப் பேரப் பதிஞ்சு குடுக்கற கம்பெனி) கமிஷன், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்தாலும் அந்த 20 டொமைனுக்கும் சில ஆயிரம் ரூபாதான் ஆகும், அதுவும் நீங்களே உங்க கடையில உக்காந்து பதிஞ்சுக்கலாம். பேக்கேஜ் கனமாத் தெரியணும்னு போட்ட எடைக்கல்லு அது.

அப்ப மிச்சம் இருக்கறது அந்த ஒரு டாட் காம். 2 இலக்க டாட் காம் நூறுதான், 3 இலக்கம் ஆயிரம், 4 இலக்கம் பத்தாயிரம், 5 இலக்கம் ஒரு லட்சம். இலக்கம் கம்மியா இருக்கறதுக்கு மதிப்பு இருக்கு, அத நான் மறுக்கல. 5 இலக்கத்துலயும் ஒரே நம்பரு திரும்பத் திரும்ப வர்றது, 8, 6, 9-னு வரிசையா வர்றது நல்ல வெலைக்குப் போகும். ஆனா 4 இருக்கற, ஒரு ஒழுங்கும் இல்லாத சாதாரண 5 இலக்கம் வியாபாரிங்களுக்குள்ள சில நூறு டாலர் அளவுலதான் கைமாறுது. 5 லட்சம் ரூபா எங்க, அது எங்க.

வெலை எப்பவும் ஏறிக்கிட்டேதான் இருக்கும்னு எழுதியிருக்கீங்க, அதுவும் தப்பு. 2015 கடைசியில சீனப் பணம் இந்தப் பக்கம் வெள்ளமா வந்து குட்டை நம்பரு, குட்டை எழுத்துப் பேரு எல்லாம் மாசத்துக்கு மாசம் எகிறுச்சு, 2016-ல எறங்கிருச்சு. உச்சத்துல வாங்குனவங்க இன்னும் வச்சுக்கிட்டு வருஷா வருஷம் ரினியூவல் கட்டிக்கிட்டிருக்காங்க. அந்த 18 லட்சம் ஸ்க்ரீன்ஷாட்டு ஒரு மெஷின் போட்ட கணக்கு. அந்த வெலைக்கு வாங்கறேன்னு அந்த வெப்சைட்டுக்காரரு எழுதிக் குடுப்பாரான்னு கேட்டுப் பாருங்க. இதே மாதிரி நம்பரு கடைசியா என்ன வெலைக்கு வித்துச்சுங்கற பழைய விற்பனை விவரம் நெட்லயே தேடக் கெடைக்கும், அதத்தான் பாக்கணும்.

நெலம் இல்ல, பட்டா இல்ல

நீங்க அனுப்புன ஒப்பந்த நகல வரி வரியாப் படிச்சேன். 20 ரூபா பத்திரத்துல "மேற்படி டொமைனை தாங்கள் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது"ன்னு எழுதி, நோட்டரி சீலும் அடிக்கறதா இருக்கு. இது அப்படியே கிரையப் பத்திரத்து வாசகம், யாரோ பத்திர எழுத்தர்கிட்ட இருந்த மாதிரிய எடுத்து "புஞ்சை நிலம்"ங்கற எடத்துல "டொமைன்"னு மாத்தியிருக்காங்க. அந்த வாசகத்தால உங்களுக்கு ஒரு பிடிமானமும் வராது. டொமைனுக்கு சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசும் கெடையாது, வில்லங்கமும் கெடையாது. டாட் காம்னா வெரிசைன்ங்கற அமெரிக்கக் கம்பெனிதான் ரெஜிஸ்ட்ரி, அவங்களுக்குக் கீழ ரெஜிஸ்ட்ரார்ங்க, மேல எல்லாருக்கும் விதி போடற ஐகான் அமைப்பு. நீங்க வாங்கறது குறிப்பிட்ட காலத்துக்கான பயன்பாட்டு உரிமை, ஒரு நேரத்துல அதிகபட்சம் 10 வருஷம் வரைக்கும் கட்டி வைக்கலாம், கட்டாம விட்டா போச்சு. காலாவதி ஆனதும் ரெஜிஸ்ட்ரார் கொஞ்ச நாள் அவகாசம் தருவாங்க, அப்புறம் 30 நாள் மீட்புக் காலம், அதுல கூடுதல் காசு கட்டி மீட்கலாம், அதுக்கப்புறம் 5 நாள்ல அழிஞ்சு யாரு வேணா எடுத்துக்கலாம்னு ஆயிடும். வெரிசைன் ரெஜிஸ்ட்ரார்கிட்ட வாங்கற மொத்த வெலையே 2021-ல 7.85 டாலரா இருந்தது 2024 செப்டம்பர்ல 10.26 ஆயிருச்சு, அப்ப வச்சிருக்கற செலவும் ஏறிக்கிட்டுதான் இருக்கு.

அதுக்காக சட்டத்துல டொமைனுக்கு மரியாதையே இல்லன்னு நெனைக்காதீங்க. 2004-ல சத்யம் இன்ஃபோவே வழக்குல உச்ச நீதிமன்றம், டொமைன் பேருக்கும் வியாபாரக் குறிக்கு இருக்கற தன்மை உண்டு, அதுக்கு சட்டப் பாதுகாப்பு உண்டுன்னு தெளிவாச் சொல்லியிருக்கு. ஆனா அந்தப் பாதுகாப்பு, அந்தப் பேர்ல நெஜமா தொழில் பண்ணி நல்ல பேரு சம்பாதிச்சவருக்கு. சும்மா வாங்கி வச்சவருக்கு அதனால பெருசா ஒண்ணும் கெடைக்காது, சில சமயம் அந்தச் சட்டமே அவருக்கு எதிராத் திரும்பும். 1999 வணிகக் குறிச் சட்டத்துல எண்ணும் ஒரு குறிதான். யாராவது அந்த நம்பர டிரேட்மார்க்கா வச்சிருந்து, நீங்க அவங்களுக்கே மெயில் போட்டு "இத்தன லட்சம் குடுங்க"ன்னு கேட்டா, கெட்ட நோக்கத்தோட வாங்குனதுக்கு நீங்களே எழுதிக் குடுத்த சாட்சியா ஆயிடும். டாட் காமுக்கு யூடிஆர்பி, டாட் இன்னுக்கு ஐஎன்டிஆர்பின்னு கோர்ட்டுக்குப் போகாமலே பேரப் பிடுங்கிக் குடுக்கற வழிமுறை இருக்கு. மச்சான் "பெரிய கம்பெனிக்கு நாமளே மெயில் போடுவோம்"னு சொன்னத நீங்க எழுதியிருக்கறதாலதான் இத அழுத்திச் சொல்றேன்.

விக்கிற வரைக்கும் பார்க்கிங்ல (வெறும் விளம்பரப் பக்கமா) போட்டா மாசம் வருமானம்னு சொன்னதையும் கவனிங்க. நம்பர் டொமைன்ல பலதும் முன்னாடி சூதாட்ட சைட்டா ஓடுனதுதான், வர்ற விளம்பரமும் அதேதான் வரும். தமிழ்நாட்டுல 2022 சட்டப்படி ஆன்லைன் சூதாட்டத்துக்கு விளம்பரம் பண்றதே குற்றம். அந்த டொமைன் உங்க பேர்ல இருந்தா போலீஸ் உங்க கடைக்குத்தான் வரும். பழைய பக்கங்கள சேமிச்சு வச்சிருக்கற வேபேக் மெஷின்ல அந்த நம்பரப் போட்டு, முன்னாடி அதுல என்ன ஓடுச்சுன்னு இன்னிக்கே பாத்துருங்க.

கூட்டாளிங்க பணம்

பொதுமக்கள்கிட்ட வட்டி தர்றேன்னு சொல்லித் தொழிலா டெபாசிட் வாங்கறதுக்கு அனுமதி வேணும். அனுமதி இல்லாத டெபாசிட் திட்டங்களத் தடை பண்ற மத்தியச் சட்டம் 2019-லயே வந்துருச்சு. சேரச் சொல்லிக் கூப்பிட்டாலே 1-ல இருந்து 5 வருஷம், பணத்த வாங்கிட்டா 2-ல இருந்து 7 வருஷம் ஜெயிலு, அதோட லட்சக்கணக்குல அபராதம். பணத்தத் திருப்பிக் குடுக்காம ஏமாத்துனா தண்டனை இன்னும் கூடும். நம்ம மாநிலத்துல 1997-ல இருந்தே டெபாசிட்தாரர் நலப் பாதுகாப்புச் சட்டம் வேற இருக்கு, அதுக்குத் தனிக் கோர்ட்டு மதுரையில இருக்கு. சட்டத்துல சொல்லியிருக்கற நெருங்கின சொந்தக்காரங்ககிட்ட வாங்கற கடனுக்கு விலக்கு உண்டு, கூட்டாளிங்களுக்கு அந்த விலக்கு கெடையாது. ஒரு கூட்டாளிகிட்ட அவசரத்துக்குக் கைமாத்து வாங்கறது வேற, எட்டுப் பேர சேத்து மாசம் 3 வட்டின்னு திட்டமா ஓட்டறது வேற.

இன்னொண்ணு, மாசம் 3 வட்டின்னா எட்டுப் பேரோட 4 லட்சத்துக்கு மாசம் 12,000 ரூபா, வருஷத்துக்கு 1,44,000. விக்காத ஒரு நம்பரு இந்தப் பணத்த எங்க இருந்து குடுக்கும்? புதுசா வர்றவன் பணத்த வாங்கி பழைய ஆளுக்குக் குடுக்க வேண்டி வரும், அப்பத்தான் அது மோசடியா மாறுது, அதுவும் உங்க பேர்ல. மச்சான் கோயம்புத்தூர்ல இருப்பாரு, அந்த எட்டுப் பேரும் உங்க வீட்டு வாசல்ல நிப்பாங்க. நம்ம பக்கம் இப்படி கடல் தொழில விட்டு வந்த பசங்க வாக்கு குடுத்து மாட்டிக்கிட்டு, வழக்குக் கட்டோட வந்து நிக்கறதப் பாக்கறப்ப மனசு ரொம்பக் கஷ்டமா இருக்கு தம்பி, அதனாலதான் கண்டிப்பாச் சொல்றேன்.

ஆசை இருந்தா எப்படி வாங்கறது

இந்தத் தொழிலே கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன். உங்களுக்கு கம்ப்யூட்டர் தெரியும், பொறுமையும் இருக்குன்னு கடிதத்துலயே தெரியுது. போனாப் போகட்டும்னு விடற அளவு உங்க சொந்தக் கடை லாபத்துல இருந்து மட்டும் போடுங்க. நம்பர விட நம்ம ஆளுங்க தேடற சொல்லு, ஊரு, தொழிலு சம்பந்தப்பட்ட டாட் இன் பேருக்கு உள்ளூர்ல வாங்க ஆள் கெடைக்க வாய்ப்பு அதிகம்ங்கறது என் எண்ணம்.

யாருகிட்டயாவது டொமைன் வாங்கினா, மொதல்ல ஐகானோட லுக்-அப் பக்கத்துல அந்தப் பேரப் போட்டு எந்த ரெஜிஸ்ட்ரார், எப்பப் பதிஞ்சது, எப்பக் காலாவதின்னு பாருங்க. உங்களுக்கு விக்கிறவரு நெஜமா அத வச்சிருக்காரான்னு தெரிய ஒரு வழி இருக்கு, நீங்க சொல்ற ஒரு வார்த்தைய அந்த டொமைனோட டிஎன்எஸ்ல (அந்தப் பேரோட செட்டிங்க்ஸ் பதிவுல) டெக்ஸ்ட் ரெக்கார்டா சேக்கச் சொல்லுங்க. கன்ட்ரோல் கையில இருக்கறவருக்கு அது ரெண்டு நிமிஷ வேலை, சாக்குப்போக்கு சொன்னா டொமைன் அவருகிட்ட இல்ல. பணத்த நேரா அனுப்பாதீங்க, நடுவுல பணத்தப் பிடிச்சு வைக்கற எஸ்க்ரோ சேவை வழியா அனுப்புங்க, பேரு உங்க அக்கவுன்ட்டுக்கு வந்தப்புறம்தான் அவருக்குப் பணம் போகும். புதுசாப் பதிஞ்ச பேரு, சமீபத்துல மாறுன பேருன்னா 60 நாள் வேற ரெஜிஸ்ட்ராருக்கு மாத்த முடியாம லாக் ஆகி இருக்கலாம், "அப்புறம் மாத்தித் தர்றேன், இப்ப காசு போடுங்க"ன்னு சொல்ற எடம் பெரும்பாலும் அதுதான். வந்தப்புறம் மெயில் ஐடி, ஃபோன் நம்பர், ரெஜிஸ்ட்ரன்ட் (யாரு பேர்ல பதிஞ்சிருக்கோ அவரு) பேரு மூணும் உங்களோடதான்னு பாருங்க, மச்சான் மெயில்ல இருந்தா டொமைன் மச்சானோடது. பிற்பாடு லாபத்துக்கு வித்தா வருமான வரி உண்டு, ஆடிட்டர்கிட்ட காட்டிருங்க.

பின்னாடி ஒரு நாள் "உங்க டொமைன் எனக்கு வேணும், பெரிய தொகை தர்றேன், ஆனா மதிப்பீட்டு சர்டிஃபிகேட் வேணும், இந்த சைட்ல காசு கட்டி எடுங்க"ன்னு மெயில் வந்தா அது ஏமாத்து வேலை. சர்டிஃபிகேட்டுக்குக் காசு கட்டுனதும் அந்த ஆளு காணாமப் போயிருவாரு.

அட்வான்ஸ் 20,000

இப்ப உடனே செய்ய வேண்டியது இதுதான். மச்சானுக்கும் அந்த பார்ட்டிக்கும் வாட்ஸப்ல, சண்டை போடாம, "இன்ன தேதி அட்வான்ஸ் 20,000 அனுப்பினேன், நான் வாங்கல, பத்து நாளைக்குள்ள திருப்பி அனுப்புங்க"ன்னு எழுத்துல கேளுங்க. ஃபோன்ல பேசுனா பதிவு இருக்காது. ஜிபே ரசீது, ஸ்க்ரீன்ஷாட்டு, ஒப்பந்த நகல், பழைய சாட் எதையும் அழிக்காதீங்க.

அதிக வெலை சொன்னது மட்டுமே குற்றம் ஆகாது, இத நீங்க புரிஞ்சுக்கணும். ஏமாத்தற எண்ணம் ஆரம்பத்துலயே இருந்துச்சுன்னு காட்டுனாத்தான் பாரதிய நியாய சன்ஹிதா 318-வது பிரிவு மோசடி ஆகும். அதனால அந்த டெக்ஸ்ட் ரெக்கார்ட் சோதனைய இப்பவே கேளுங்க. டொமைன் அவருகிட்ட இல்லவே இல்லன்னு தெரிஞ்சா அன்னிக்கே 1930-க்கு ஃபோன் பண்ணுங்க, தேசிய சைபர் கிரைம் போர்ட்டல்லயும் புகார் போடுங்க, சீக்கிரம் சொன்னாத்தான் பணம் போன அக்கவுன்ட்ட முடக்க வாய்ப்பு இருக்கு. டொமைன் இருக்கு, வெலைதான் அநியாயம்னா அது சிவில் விவகாரம், பணத்தத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட 3 வருஷம் டைம் இருக்கு, ஆனா 20,000 ரூபாய்க்கு வழக்கு நடத்தறத விட மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல ஒரு மனு குடுத்து சமரசத்துக்குக் கூப்பிடறது மேல். ராமநாதபுரம் கோர்ட்டு வளாகத்துலயே விசாரிக்கலாம், 15100-க்கு ஃபோன் பண்ணியும் கேக்கலாம்.

மச்சான் உங்கள ஏமாத்தறாருன்னு நான் சொல்லல, அவரும் யாருகிட்டயோ கேட்டத நம்பி வந்திருக்கலாம், அவரே காசு போட்டு மாட்டியிருக்கவும் கூடும். இந்த பதில அவருக்கும் படிக்கக் குடுங்க. அம்மாகிட்டயும் அப்பாகிட்டயும் 20,000 குடுத்த விஷயத்த இன்னிக்கு ராத்திரியே சொல்லிருங்க, தங்கச்சி கல்யாணப் பேச்சு நடக்கற வீட்டுல அவங்களுக்கு வேற ஆள் மூலமா தெரியக் கூடாது. பத்து நாள் கழிச்சு பணம் வந்துச்சா இல்லையான்னு எழுதுங்க, வரலன்னா வக்கீல் நோட்டீஸ் நானே எழுதித் தர்றேன், அதுக்குக் காசு எதுவும் வேண்டாம்.